ராயக்கோட்டை ஏற்றமும் ஒரு பழைய எல்லைக்கோடும்

தர்மபுரியிலிருந்து பாலக்கோடு வழியாக ஓசூருக்குச் செல்லும் சாலையில், ராயக்கோட்டையை நெருங்கும்போது நிலம் மெல்ல உயர்வதைப் பேருந்தின் இரைச்சலே சொல்லிவிடும். தக்காளிப் பெட்டிகளை ஏற்றிய வேன்கள் எதிரே இறங்கிக்கொண்டிருந்தன. பெங்களூரு செல்லும் அவசரத்தில் பெரும்பாலோர் கவனியாமல் கடந்துபோகும் இந்த ஏற்றம், 1792 முதல் 1799 வரை இரண்டு தனி அரசுகளைப் பிரித்த பன்னாட்டு எல்லையாக இருந்தது. அதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே கோட்டை மலையில் ஏறினேன்.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் தம் நாட்டில் ஏறத்தாழப் பாதியை விட்டுக்கொடுத்து, மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் இழப்பீடு தர ஒப்புக்கொண்டு, அதற்குப் பிணையாகத் தம் மைந்தருள் இருவரை அனுப்ப நேர்ந்தது. கும்பினிக்கு, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, கிடைத்த பகுதிகளுள் ஒன்று பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரியையும் தர்மபுரியையும் சூழ்ந்த கீழ்நிலம். ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் அடங்கிய மேட்டுநிலமான பாலாகாட் திப்புவிடமே இருந்தது. கணவாயைக் காக்கும் ராயக்கோட்டையைக் கும்பினிப் படை 1791இலேயே பிடித்துவிட்டது. கிருஷ்ணகிரிக் கோட்டையையோ அதே ஆண்டு நவம்பரில் தாக்கித் தோற்றுத் திரும்பியது. போரில் கிட்டாத கிருஷ்ணகிரி கடைசியில் காகிதத்தில் கிட்டியது.

மலைப்பாதையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், இந்தப் பக்கம் பழைய எல்லைக்கல் ஏதும் உண்டா தாத்தா என்று கேட்டேன். "கல்லு எதுக்கு தம்பி? பள்ளத்துல நின்னா வேர்க்கும், மேட்டுக்குப் போனா வேர்க்காது" என்றார். உச்சியில் நின்று பார்த்தபோது அவர் சொன்னதன் நியாயம் விளங்கியது. கிழக்கே தரை சரிந்து இறங்குகிறது. மேற்கே ஓசூர் வரை மேட்டுநிலம் விரிகிறது. நிலமே வரைந்து வைத்திருந்த எல்லையை அரசர்கள் எடுத்துக்கொண்டார்கள். தென்பெண்ணை ஆறு மட்டும் எந்த உடன்படிக்கையையும் மதிக்காமல், ஓசூர்ப் பக்கமிருந்து கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

திப்புவிடம் அந்தக் கையெழுத்தை வாங்கிய கும்பினியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபுதான், 1781 அக்டோபரில் அமெரிக்காவின் யார்க்டவுனில் வாஷிங்டனின் படையிடம் சரணடைந்தவர். அந்தத் தோல்வியின் விளைவாக 1783இல் பாரிஸில் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே உடன்படிக்கை ஏற்பட்டது. இன்று அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே, அலாஸ்காவையும் சேர்த்து ஏறத்தாழ 8,890 கிலோமீட்டர் நீளும், உலகின் மிக நீண்ட இருநாட்டு எல்லை அதிலிருந்துதான் தொடங்குகிறது. ஒருவருடைய தோல்வியில் ஓர் எல்லையும் வெற்றியில் மற்றோர் எல்லையும் பிறந்தன என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

அங்கே நிலத்தைப் பார்க்காமலே கோடு போட்டார்கள். லேக் ஆஃப் தி வுட்ஸ் என்னும் ஏரியின் வடமேற்கு மூலையிலிருந்து நேர் மேற்கே சென்றால் மிசிசிப்பி ஆறு வரும் என்று பாரிஸ் உடன்படிக்கை எழுதியது. ஆற்றின் தலைப்போ அதற்கு வெகு தெற்கே இருக்கிறது. எவ்வளவு தூரம் மேற்கே போனாலும் கோடு ஆற்றைத் தொடாது. 1818இல் 49ஆம் அட்சக்கோட்டை ராக்கி மலைகள் வரை எல்லையாக ஏற்று இதைச் சரிசெய்தார்கள். 1846இல் அது பசிபிக் கரை வரை நீட்டப்பட்டது. ஆனால் பழைய பிழையின் மிச்சமாக, மின்னசோட்டா மாநிலத்தின் ஒரு துண்டு ஏரிக்கு அப்பால் கனடாவோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அங்குள்ளவர்கள் தரைவழியாகத் தம் மாநிலத்தின் மறுபகுதிக்குச் செல்ல வேண்டுமானால் கனடாவுக்குள் புகுந்துதான் செல்ல வேண்டும்.

அட்சக்கோட்டைத் தரையில் கண்டுபிடிப்பது அதைவிடக் கடினம். 1872இல் சமவெளிக்குச் சென்ற கூட்டு ஆணையத்தினர் இரவில் விண்மீன்களை அளந்து இடம் குறித்தார்கள். மானிடோபாப் பகுதியில் வார்ப்பிரும்புத் தூண்களையும், மேற்கே மண்மேடுகளையும் கற்குவியல்களையும் நட்டார்கள். மலைகளின் ஈர்ப்பால், செங்குத்தைக் காட்டும் தூக்குக்குண்டு சற்றே சாய்வதால், அவர்கள் குறித்த இடங்கள் உண்மையான 49ஆம் கோட்டிலிருந்து வடக்கும் தெற்குமாக விலகிக் கிடக்கின்றன. ஆயினும் நட்ட கல்லே எல்லை என்று இரு நாடுகளும் ஏற்றுக்கொண்டதை நான் மிகச் சிறந்த முடிவாகக் கருதுகிறேன். அதைப் பராமரிக்கும் ஆணையம் 1925இல் நிரந்தரமாக்கப்பட்டது; காடுகளுக்கு நடுவே ஆறு மீட்டர் அகலத்துக்கு மரங்களை இன்றும் வெட்டி, எல்லையைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கதையில் இரு மண்ணையும் மிதித்த இன்னொருவர் ஆங்கிலப் படை அதிகாரி வில்லியம் லாம்டன். யார்க்டவுனில் சிறைப்பட்டு, பின்னர் கனடாவின் நியூ பிரன்சுவிக்கில் நில அளவையில் ஈடுபட்டு, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போருக்கு வந்து சேர்ந்தவர் அவர். இருட்டில் சென்ற படை எதிரியின் முகாமை நோக்கிப் போவதை விண்மீன்களைப் பார்த்தே உணர்ந்து அவர் எச்சரித்தார் என்று போர்க் குறிப்புகள் சொல்கின்றன. பின்னர் அவர் தொடங்கிய, இந்திய நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மாபெரும் முக்கோண அளவையின் முதுகெலும்பான 78ஆம் தீர்க்கக்கோடு, ராயக்கோட்டைக்குச் சற்று மேற்கே செல்கிறது.

அந்த 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் கும்பினிப் படை ராயக்கோட்டை வழியாகவே மைசூருக்குள் நுழைந்தது. மே 4இல் திப்பு வீழ்ந்ததும் பாலாகாட் கும்பினியிடம் வந்தது. ஏழாண்டு வாழ்ந்த எல்லை மேற்கே நகர்ந்து, கும்பினி நிலத்துக்கும் உடையார்களின் மைசூருக்கும் இடைப்பட்ட கோடாயிற்று. 1956இல் மாநிலங்களைத் திருத்தியமைத்தபோதும் ஓசூர் சேலம் மாவட்டத்தோடு சென்னை மாநிலத்திலேயே தங்கியது. ஆகவே இன்றைய எல்லையைக் காண விரும்புவோர் ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் சென்று, ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் இறங்கலாம். அங்கே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை; பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறுவதை வைத்துத்தான் மாநிலம் மாறியதை அறிய வேண்டும்.