நஞ்சுக்கொடியின் இரத்தக் குழாய்களும் குழந்தையின் எடையும்

மன்னார்குடிப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட எங்கள் உறவுப் பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் எடுத்த ஸ்கேனில், குழந்தையின் வளர்ச்சி அந்த வாரத்திற்குரிய அளவைவிடக் குறைவாக இருப்பது தெரிந்தது. அன்று முதல் வீட்டில் அவளுடைய சாப்பாட்டைப் பற்றியே பேச்சு. வளைகாப்புக்கு வந்த ஒருவர், "ஒழுங்காச் சாப்பிட்டிருந்தா புள்ள இப்படி இருக்குமா?" என்று அவள் காதுபடவே கேட்டது எனக்கு மிகுந்த வருத்தமளித்தது. இரத்தசோகையும் ஊட்டக்குறைவும் குழந்தையின் எடையைப் பாதிக்கும் என்பது உண்மைதான்; ஆயினும் பல வேளைகளில் காரணம், கருப்பைச் சுவரில் ஒட்டியிருந்து குழந்தைக்கு ஊட்டம் கொடுக்கும் நஞ்சுக்கொடியில் இருக்கிறது, அதுவும் வயிறு வெளியே தெரிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

கருப்பைச் சுவரிலுள்ள திருகு வடிவத் தமனிகள் நஞ்சுக்கொடியை நோக்கித் திறக்கின்றன. கர்ப்பத்தின் முதல் பாதியில், நஞ்சுக்கொடியிலிருந்து புறப்படும் செல்கள் அத்தமனிகளுக்குள் புகுந்து, அவற்றின் தசை அடுக்கை அகற்றி, எளிதில் சுருங்க முடியாத அகன்ற குழாய்களாக மாற்றுகின்றன. இந்த வேலை அரைகுறையாக நின்றுவிட்டால் வரும் இரத்தத்தின் அளவு மட்டுமன்றி வேகமும் கெடுதலாகிறது: குறுகிய மடைவாயில் சீறிவரும் தண்ணீர் நட்ட நாற்றை அரித்துச் சாய்ப்பதுபோல, பீறிட்டு வரும் இரத்தம் நஞ்சுக்கொடியின் விரல்போன்ற மெல்லிய கிளைகளைச் சேதப்படுத்துகிறது. அக்கிளைகளுக்குள் ஓடும் நுண்குழாய்கள் குழந்தையினுடையவை. தாயின் ஆக்சிஜனும் சர்க்கரையும் அவற்றின் வழியாகவே குழந்தையைச் சேர வேண்டும். பாதிக்கப்பட்ட நஞ்சுக்கொடி, இரத்தக் குழாய்களை வளர்க்கும் புரதங்களைக் கட்டிப்போடும் வேறொரு புரதத்தைத் தாயின் இரத்தத்தில் மிகுதியாகக் கலக்கவிடுவதால், இதே கோளாறு சிலருக்கு உயர் இரத்த அழுத்தமாகவும் வெளிப்படுகிறது.

நுண்குழாய்கள் குறைந்தால், குழந்தையின் இரத்தத்தை நஞ்சுக்கொடிக்குக் கொண்டுசெல்லும் தொப்புள்கொடித் தமனியில் ஓட்டத்திற்கு எதிர்ப்பு கூடும். இரத்த ஓட்டத்தை அளந்து காட்டும் டாப்ளர் ஸ்கேனில் இரு துடிப்புகளுக்கு இடையிலான ஓட்டம் முதலில் மெலியும், பிறகு நின்றுபோகும், மிக முற்றிய நிலையில் பின்னோக்கியே திரும்பும். எங்கள் பெண்ணின் படத்தில் இரு முகடுகளுக்கு நடுவே கோடு அடிமட்டத்தைத் தொடவில்லை. மருத்துவர் பேனா நுனியால் அந்த இடைவெளியைக் காட்டி, "இது இருக்கும்வரை காத்திருக்கலாம்" என்றார்.

வளர்ச்சி தடைபட்ட பின் அதைச் சரிசெய்யும் மருந்து இல்லை. கவனமாகக் கண்காணித்துப் பிரசவ நேரத்தைத் தீர்மானிப்பதே சிகிச்சை. ஆனால் முந்தைய கர்ப்பத்தில் இரத்தக் கொதிப்பால் சிக்கல் ஏற்பட்டிருந்தால், அடுத்த முறை கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதியும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். மருத்துவர் பரிந்துரைக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரினை 16 வாரங்களுக்குள் தொடங்கினால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும்.