செத்த பேட்டரியில் ஒரு எல்இடி டெஸ்டர்

மலிவான மல்டிமீட்டர்கள் பலவற்றில் டயோடு சோதனை நிலையில் வைத்தால் சிவப்பு எல்இடி மினுக்கும். வெள்ளை, நீலம் அசையாது. அவற்றுக்கு 3 வோல்ட் அளவில் வேண்டும், மீட்டர் அவ்வளவு தராது. நல்ல எல்இடி குப்பைக்குப் போவது இப்படித்தான்.

மீட்டர் வேண்டாம் என்று ஒதுக்கிய 9 வோல்ட் பேட்டரியே டெஸ்டருக்குப் போதும். 7 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தாலும், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியே வெள்ளை எல்இடிக்கு 4 மில்லி ஆம்பியர் கிடைக்கும். உயிர் இருக்கிறதா என்று பார்க்க அது தாராளம்.

அந்தப் பேட்டரி மேல் மாட்டும் மூடிக்கு, முழுக்கச் செத்த இன்னொரு 9 வோல்ட் அல்கலைன் பேட்டரியின் தலை. தகர உறையின் மடிப்பைக் கட்டிங் பிளேயரால் விரித்தால் பிரஸ் பட்டன் மாதிரி இரண்டு முனையுள்ள தட்டு வரும். கசிந்த பேட்டரியைத் தொடாதீர்கள். லித்தியம், ரீசார்ஜ் வகைகளைத் திறக்கவே கூடாது. முனைகளில் ஒட்டியிருக்கும் தகட்டு நாக்குகளை ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, அதில் ஈயம் வையுங்கள். முனையிலேயே வைத்தால் பிளாஸ்டிக் உருகிவிடும்.

பலரும் சறுக்கும் இடம் அடுத்தது. பேட்டரியில் சின்ன முனை பிளஸ், பெரியது மைனஸ். ஆனால் தட்டைக் கவிழ்த்து மாட்டும்போது அதன் பெரிய முனை பேட்டரியின் சின்ன முனையைக் கவ்வுகிறது. ஆகவே தட்டின் பெரிய முனையிலிருந்து வரும் வயர்தான் பிளஸ். நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள்.

சாக்கெட் வாங்க வேண்டாம். பழைய கம்ப்யூட்டர் கேபினெட்டின் பவர் எல்இடி வயரில் இரண்டு துளைக் கனெக்டர் வயரோடு இருக்கும். அந்த வயர்களைத்தான் மூடியின் நாக்குகளில் சேர்க்க வேண்டும். எல்இடி கால்கள் அதில் நேராக இறங்கும். ரெசிஸ்டர் பழைய ரேடியோ போர்டில் கிடைக்கும்: பழுப்பு, கறுப்பு, சிவப்பு வளையங்கள். கழற்றியதும் ஒருமுறை அளந்துவிடுங்கள், சூடு தின்றதன் மதிப்பு மாறியிருக்கலாம். அதைப் பிளஸ் வயரில், மூடியை ஒட்டியே வையுங்கள். அப்போதுதான் பையில் சாவி உரசி முனைகள் சேர்ந்தாலும் 9 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது. எல்லாவற்றையும் ஒரு துண்டு சைக்கிள் டியூபுக்குள் இழுத்துச் சொருகினால் பெட்டியும் வேண்டாம், சுவிட்சும் வேண்டாம்.

எல்இடி எரியாவிட்டால் திருப்பிப் போடுங்கள், ஆனால் தலைகீழாக வைத்தே விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான எல்இடிகள் எதிர்த்திசையில் தாங்கும் அளவு 5 வோல்ட்தான். ரிமோட்டின் எல்இடி கண்ணுக்குத் தெரியாது, போன் கேமராவில் பாருங்கள்.

எல்இடி பல்புக்குள் இருக்கும் சிப்புகளைச் சோதிக்க, கனெக்டரில் இரண்டு குண்டூசி செருகினால் போதும். பல்பு ஹோல்டரில் இருக்கும்போது மட்டும் கை வைக்காதீர்கள். கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். இன்னொன்று: சில சிப்புகளுக்குள் மூன்று எல்இடி தொடராக இருக்கும், 9 வோல்ட் கேட்கும். இந்த டெஸ்டரில் அது எரியாது, ஆனால் கெட்டதும் அல்ல. ஒரு பேட்டரியின் பிளஸ்ஸில் இன்னொன்றின் மைனஸ்ஸை மாட்டி 18 வோல்ட் ஆக்கி, 2.2 கிலோ ஓம் வழியே தொட்டுப் பாருங்கள்.