நான்கு விரல் டீசல்

எங்கள் கல்குவாரி பர்கூர் பக்கம். மூன்று வருடம் பேரலிலேயே ஓட்டினோம். எரிபொருள் விதிகளில் டீசல் 'பி' வகுப்பு. 2,500 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம், எந்தக் கலனும் 1,000 லிட்டரைத் தாண்டக்கூடாது. 200 லிட்டர் பேரல் பன்னிரண்டு என்றால் 2,400. மூன்றாவது பொக்லைன் வரும்வரை இந்தக் கணக்கு சரியாகவே இருந்தது.

20,000 லிட்டர் டேங்க் புதைக்கலாம் என்று முடிவானபோது எனக்கு டேங்க் விலை மட்டும்தான் கவலை. சித்தப்பா சிரித்தார். கடற்படையில் எரிபொருள் பிரிவில் இருந்தவர். கடைசியாக இருந்தது கிரேட் நிகோபாரில், 2012-ல் தொடங்கிய ஐ.என்.எஸ். பாஸ் தளத்தில். சென்னையிலிருந்து போர்ட் பிளேரே (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 1,350 கிலோமீட்டர். இது அதற்கும் தெற்கே, கடைக்கோடி.

"அங்க எண்ணெய் என்ன விலைன்னு யாருடா பார்த்தா? கடல் கொந்தளிச்சா கப்பல் வராது. அதனால தேவைக்கு மேல வச்சிருக்கணும். உப்புக்காத்துல பைப்பு அரிக்கும், பெயின்ட் அடிச்சுக்கிட்டே இருக்கணும். வாங்குறது ஒருநாள் செலவு, வச்சிருக்கிறது தினம் செலவு."

டீசல் டேங்குக்கும் லைசென்ஸ் தருவது வெடிபொருள் துறைதான். அங்கே வரைபட ஒப்புதல் சிக்கலில்லாமல் வந்தது. தடையில்லாச் சான்றுதான் இழுத்தது. மாவட்ட நிர்வாகத்திடம் மனு. அங்கிருந்து வருவாய், தீயணைப்பு, காவல் என்று கோப்பு சுற்றியது. பட்டாவில் ஒரு உட்பிரிவு எண், புலப்படத்தில் வேறு எண். கோப்பு திரும்பி வந்தது. குற்றம் எங்களுடையதுதான், பாகப்பிரிவினைக்குப் பிறகு நாங்கள் சரிபார்க்கவே இல்லை. அதைத் திருத்தவே நான்கு மாதம்.

அப்புறம் பள்ளம். எங்கள் ஊரில் பள்ளம் என்றால் பாறை! டேங்க் விலையைப் பள்ளமும், மணலும், எர்த்திங்கும், வேலியும் சேர்ந்து தாண்டிவிட்டன. அழுத்தச் சோதனைச் சான்றிதழ் கொடுத்த பிறகு லைசென்ஸ் வந்தது.

முதல் லோடு இறங்கிய அன்று சித்தப்பா, டேங்கில் எண்ணெய் மட்டம் பார்க்கும் டிப் ராடின் நுனியில் தண்ணீர் காட்டும் பேஸ்ட் தடவி இறக்கினார். நிறம் மாறவில்லை. "வாராவாரம் பாரு. தண்ணி நின்னா டீசல்ல பூஞ்சை புடிக்கும், ஃபில்டர் அடைக்கும்" என்றார். பிறகு உறிஞ்சுக்குழாய் எங்கே முடிகிறது என்று கேட்டார். அடியிலிருந்து நான்கு விரல் மேலே என்றேன்.

"அப்ப அதுக்குக் கீழ இருக்கிறது உனக்கு வராது."

எந்த உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும் சார்ட்டில் பார்த்தேன். கிட்டத்தட்ட 270 லிட்டர். 25,000 ரூபாய்க்குப் பக்கம், நிரந்தரமாக மண்ணுக்குள்.