எக்ஸ்ரே ஃபிலிமும் எட்டு அங்குல வூஃபரும்

அப்பா விட்டுச் சென்ற ஸ்பீக்கர் ஜோடியில் மிருதங்கம் கேட்டால், அதன் இடப்பக்கமான தொப்பியின் கும்கி என்னும் ஆழ்ந்த நாதம் நெஞ்சில் வந்து விழும். போன மார்கழியில் ஒரு தனி ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருந்தபோது, இடது ஸ்பீக்கரில் கும்கிக்குப் பதில் கிழிந்த முறத்தைத் தட்டுவது போன்ற சத்தம் வந்தது. முன்பக்கத் துணியைக் கழற்றினேன். தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபரின் கோனை, அதாவது அதிர்ந்து ஒலி எழுப்பும் காகிதக் கூம்பை, சுற்றியுள்ள ஃபோம் வளையம் பாதி உதிர்ந்து கிடந்தது. விரல் பட்டதும் மீதியும் பொடிந்து, கருப்பட்டிப் பாகு போலப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது.

எங்கள் பகுதிக் கடைக்காரர் பார்த்தவுடனே, "வூஃபர் போய்விட்டது சார், புதிது போட்டுவிடுங்கள்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரை வைத்தேன். 8 ஓம் என்று எழுதியிருந்த வூஃபருக்கு 6.4 ஓம் காட்டியது. எழுதியிருப்பதைவிட மீட்டரில் சற்றுக் குறைவாகத்தான் வரும். ஆகவே கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் நன்றாக இருக்கிறது. கோனிலும் கிழிசல் இல்லை. கெட்டுப்போனது அந்த வளையம் மட்டுமே. பாலியூரித்தேன் ஃபோமைக் காற்றிலுள்ள ஈரமே அரித்துவிடும். சென்னைக் கடற்காற்றில் இத்தனை வருடம் தாங்கியதே பெரிது.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு வூஃபரையே பையில் எடுத்துப் போனேன். எட்டு அங்குலம் என்று மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாது; கோனின் விளிம்பும் இரும்புச் சட்டத்தின் உள்ளளவும் ஒத்துவர வேண்டும். ரப்பர் வளையம் நெடுநாள் உழைக்கும் என்றார்கள். உண்மைதான். ஆனால் ரப்பர் கனம். கோன் அசையும் விதமே மாறிவிடும். ஃபோமையே வாங்கினேன், வலது பக்கத்துக்கும் சேர்த்து. ஒரே வயதுடைய இரண்டில் ஒன்று உதிர்ந்தால் மற்றதும் வெகுநாள் நிற்காது.

பழைய பசையைச் சுரண்டவே ஒரு மாலை போயிற்று. ஸ்பிரிட் நனைத்த துணியால் ஊறவைத்து, மழுங்கிய கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரை மட்டும் பக்கத்தில் வைக்காதீர்கள். காந்தம் வெடுக்கென்று இழுத்தால் காகிதக் கோனில் ஓட்டை விழுந்துவிடும்.

முதல் தடவை கண்ணளவாக நடுவில் வைத்து ஒட்டினேன். மறுநாள் கோனை மெல்ல அழுத்தினால் 'சரக் சரக்' என்று உரசல். காந்தத்துக்கு நடுவே வாய்ஸ் காயில் ஏறி இறங்கும் இடுக்கில், காயிலின் இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் இடம்கூடக் கிடையாது. மயிரிழை விலகினாலும் உரசும். ஒட்டியதைப் பிரித்ததில் புது ஃபோம் கிழிந்தது. மறுபடி ரிச்சி தெரு.

இம்முறை கோனின் நடுவிலிருக்கும் குமிழ் மூடியைப் பிளேடால் சுற்றிலும் அறுத்து எடுத்தேன். உள்ளே காந்தத்தின் நடுத்தண்டும், அதைச் சூழ்ந்த காயில் குழலும் தெரிந்தன. பழைய எக்ஸ்ரே ஃபிலிமை விரலகலத்துக்கு வெட்டி, தண்டுக்கும் குழலுக்கும் இடையே நான்கு திசையிலும் செருகினேன். காயில் அசையாமல் நடுவில் நின்றது. முதலில் ஃபோமைக் கோனில் ஒட்டிக் காயவிட்டேன். பிறகுதான் சட்டத்தில் ஒட்டி, சுற்றிலும் துணி கிளிப்புகளைக் கவ்வவிட்டேன். முழுதாக 24 மணி நேரம் அதைத் தொடவே இல்லை. இந்த வேலையில் அவசரம் கூடவே கூடாது.

ஃபிலிம் துண்டுகளை உருவிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கோனை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ் முனையை வூஃபரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் வைத்ததும் கோன் வெளியே தள்ளியது; இணைப்பு மாறவில்லை. புது மூடியை ஒட்டி, பெட்டியில் மாட்டி, 30 ஹெர்ட்ஸ் ஒலியைத் தாழ்வாக ஓடவிட்டேன். கோன் வழவழவென்று ஆடியது. வலது பக்கத்தையும் அதே முறையில் முடித்த பிறகே அந்தத் தனி ஆவர்த்தனத்தைப் போட்டேன். கும்கி பழையபடி நெஞ்சில் வந்து விழுந்தது.

அந்த எக்ஸ்ரே துண்டுகளை ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். மாடி வீட்டுப் பெரியவரின் பத்து அங்குல ஜோடிக்கு அடுத்த ஞாயிறு அவை தேவைப்படும்.