மாலையைக் கழற்றிய மறுநாள், மாலை ஆறு மணி

கார்த்திகை பிறந்தால் டாஸ்மாக் பக்கம் தலைவைத்தும் படுக்காத ஆட்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். வருஷம் முழுக்கத் தினம் ஒரு குவார்ட்டர் போட்டவர், 41 நாள் ஒரு சொட்டு தொடமாட்டார். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியதும் பழைய இடத்தில் பழைய செட்டோடு உட்கார்ந்துவிடுவார். "சாமிக்காக விட முடியுது, பிள்ளைங்களுக்காக விட முடியாதா?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கிற வேதனை நியாயம்தான், ஆனால் கேள்வி இடம் மாறி நிற்கிறது. அந்த 41 நாளில் அவருக்குப் புதிதாக மனஉறுதி முளைக்கவில்லை. அவருடைய சாயங்காலம் மாறியிருந்தது.

விரதத்தை நடத்தை சிகிச்சையின், அதாவது பழக்கத்தை மாற்றும் சிகிச்சையின், கண்ணால் பாருங்கள். குடிக்கிற அதே நேரத்தில் குளியலும் பஜனையும் வந்துவிடுகின்றன. கறுப்பு வேட்டியைத் தூரத்தில் பார்த்ததுமே "வா மச்சான், ஒரு கட்டிங்" என்று கூப்பிடுகிறவன் வாயை மூடிக்கொள்கிறான். நேற்றுவரை "அந்தக் குடிகாரன்" என்றவர்கள் இன்று "சாமி" என்கிறார்கள். அதாவது தூண்டுதல் விலகுகிறது, அந்த இடத்தில் மாற்று வேலை வருகிறது, பலனும் உடனே கிடைக்கிறது. மாலையைக் கழற்றும்போது இவை மூன்றும் ஒரே நாளில் போய்விடுகின்றன. இடைப்பட்ட நாட்களில் அவர் எதையும் பழகிக்கொள்ளவும் இல்லை. மாலை இல்லாமலே அந்தச் சாயங்காலத்தைத் திரும்பக் கட்டுவதுதான் சிகிச்சையில் நடக்கும் வேலை.

அதற்கு முன் ஒரு விஷயம். காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நிற்கிறது என்றாலோ, முன்பு குடியை நிறுத்தியபோது ஃபிட்ஸ் வந்திருந்தாலோ, திடீரென்று நிறுத்தக் கூடாது. முதலில் டாக்டர். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பிதற்றலும், இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவதும் தொடங்கலாம். மாலை போட்ட மூன்றாம் நாள் ஒருவர் இப்படிப் பிதற்றினால், அருள் வந்துவிட்டது என்று வீட்டில் உட்காரவைக்காதீர்கள். அன்றே ஜி.எச். அழைத்துப் போங்கள், உயிர் போகக்கூடிய நிலை அது.

உடம்பு தெளிந்த பிறகு பேச்சு தொடங்கும். முதல் வேலை அறிவுரை சொல்வதல்ல, கணக்கு எழுதுவது. குடித்த நாளும் குடிக்கத் தோன்றிய நாளும் ஐந்தே விஷயங்கள்: எத்தனை மணி, எங்கே, யாரோடு, மனதில் என்ன ஓடியது, எவ்வளவு. அளவை மி.லி.யில் எழுதச் சொல்லுங்கள். "ரெண்டு ரவுண்டு" என்பதற்கு அர்த்தமே இல்லை. 42.8 சதவீதச் சரக்கில் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மி.லி., என்றால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஒரு டிரிங்க் 10 கிராம் என்று கணக்கு வைத்தால், "ஒரே ஒரு குவார்ட்டர்தான்" என்கிறவர் ஆறு டிரிங்க் குடித்திருக்கிறார்.

இரண்டு வாரம் எழுதினால் சங்கிலி தெரியும். சென்டரிங் வேலைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை 5:30க்குக் கையில் வாரச் சம்பளம். மதியம் சரியாகச் சாப்பிடாததால் கொலைப்பசி. 6 மணிக்கு டீக்கடை, அங்கே கூட்டாளியின் பைக். 6:20க்குக் கடைச் சந்து. "உடம்பு வலிக்குது, இன்னைக்கு ஒரு நாள்" என்ற நினைப்பு. இதில் 6:20க்கு நின்று போராடச் சொல்வதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அங்கே ஜெயிப்பது மிகக் கஷ்டம். 5:30 கண்ணியை வெட்டுவது சுலபம். சம்பளம் மேஸ்திரியிடமிருந்து நேரே வீட்டுக்காரம்மா கணக்குக்கு ஜிபே ஆகட்டும், 5 மணிக்கே வயிறு நிறையட்டும், வீட்டுக்கு வேறு பஸ்.

மாற்று வேலையிலும் ஒரு கோளாறு அடிக்கடி நடக்கும். "காலையில வாக்கிங் போங்க, யோகா பண்ணுங்க" என்பார்கள். நல்லதுதான், ஆனால் குடிக்கிற நேரம் சாயங்காலம் 6 முதல் 8 வரை. காலை வாக்கிங் அந்த ஓட்டையை அடைக்காது. மாற்று அதே நேரத்தில் இருக்க வேண்டும், ஆட்களோடு இருக்க வேண்டும், அன்றைக்கே ஏதாவது சந்தோஷம் தர வேண்டும். கேரம் கிளப், மகளை டியூஷனிலிருந்து அழைத்து வருவது, குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம், எதுவானாலும் சரி. அமெரிக்காவின் இல்லினாயில் ஹன்ட், அஸ்ரின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1973இல் செய்துகாட்டியது இதைத்தான்: வேலை, குடும்பம், குடியில்லாத சிநேகிதம் ஆகிய மூன்றையும் குடியைவிட லாபமாக்கினார்கள்.

மறுத்துப் பேசுவதையும் வாய்விட்டுப் பழக வேண்டும், பத்துத் தடவையாவது. காரணம் சொல்லாதீர்கள். "மாத்திரை சாப்பிடறேன்" என்றால் "ஒரு கட்டிங் ஒண்ணும் பண்ணாது" என்ற பதில் தயாராக இருக்கும். "எனக்கு வேண்டாம் மச்சான், ஒரு டீ சொல்லு." அவ்வளவுதான். மறுபடி கேட்டால் அதே வாக்கியம், மூன்றாம் தடவை எழுந்து போய்விடுவது.

அப்படியும் குடிக்கும் வெறி வரும். அது அலை மாதிரி, ஏறும், இறங்கும். பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் தணியும். ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இதை அலைமேல் சவாரி என்றே சொல்லிக்கொடுத்தார். எதிர்த்து மல்லுக்கட்டாமல், நெஞ்சிலா தொண்டையிலா எங்கே இழுக்கிறது என்று கவனித்து, மூச்சைப் பார்த்தபடி கடிகாரத்தை ஓடவிடுவது. பன்னிரண்டாம் நிமிடத்தில் விட்டுக்கொடுத்தால்தான் ஆபத்து. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கிடைக்கும் என்று மூளை கற்றுக்கொள்ளும், அடுத்த அலை நீளமாக வரும்.

வழுக்கி விழுவதும் நடக்கும். சத்தியம், கோயில் கயிறு ஆகியவற்றின் பலவீனம் இங்கேதான் தெரியும். ஒரு மிடறு போனதும் சத்தியம் உடைந்தது, சாமி குத்தம் ஆகிவிட்டது, இனி எவ்வளவு குடித்தால் என்ன என்ற கணக்கு வந்துவிடும். ஒரு கட்டிங் ஒரு வாரக் குடியாவது இந்த நினைப்பால்தான். அதனால் விழுவதற்கு முன்பே ஒரு சீட்டு எழுதிச் சட்டைப்பையில் வைக்கிறோம்: டம்ளரை வை, இடத்தை விட்டு வெளியே வா, இந்த எண்ணுக்குப் போன் போடு, சாப்பிட்டுத் தூங்கு, மறுநாள் ஐந்து விஷயத்தையும் எழுது.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. குடித்து வந்த ராத்திரி சண்டை, குடிக்காமல் வந்த ராத்திரி பழைய கணக்கு என்றால் இரண்டு நாளும் அவருக்கு ஒன்றுதான். போதையில் இருப்பவரிடம் பேச்சே வேண்டாம். தெளிவாக வந்த நாளில் சூடாகச் சோறு, பிள்ளைகளோடு சிரிப்பு. சாப்பாட்டில் தெரியாமல் மாத்திரை கலப்பதை உடனே நிறுத்துங்கள். குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராம் மாத்திரைக்கு மேல் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து ஆள் போய்விடலாம். டாக்டர் எழுதிக்கொடுத்து, அவரே சம்மதித்து, உங்கள் கண் முன்னால் விழுங்கினால் அது நல்ல மருந்து.

இதற்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்பதில்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநல மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே அதிகபட்சம் நான்கு அமர்வுகளில் இப்படிப்பட்ட ஆலோசனை தந்தார்கள். பலன் இருந்தது. 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு அது. யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் செய்யுங்கள், தமிழில் பேசலாம்.

இந்த வருஷம் வீட்டில் மாலை போட்டிருந்தால், கழற்றும் தேதிக்குப் பத்து நாள் முன்பே ஒரு தாளை எடுத்து, மறுநாள் சாயங்காலம் 6 மணிக்கு அவர் எங்கே, யாரோடு, கையில் எவ்வளவு பணத்தோடு இருப்பார் என்று அவரையே எழுதச் சொல்லுங்கள்.