கச்சான் தோலுக்குள் இருக்கும் சிவப்பு

பாலிபீனோல் எனும் தாவரச் சேர்மவகை இருக்கிறதா என்று பார்க்க பெரிக் குளோரைட்டு ஒரு துளி போதும். கச்சான் தோல் சாற்றில் விட்டதும் கடும் பச்சையாகக் கறுத்தது. ஆனால் பிளேன்டீயிலும்தான் கறுக்கும். எந்தப் பாலிபீனோல் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

தோலுக்காக புறக்கோட்டையில் வறுக்காத கச்சான் வாங்கினேன். வறுக்கிற சூட்டில் கட்டெச்சின் என்ற சிறிய பாலிபீனோல் வகைகள் உருமாறும். ஊறவைத்து உரித்தால் அவற்றில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். வெயிலில் காயவைத்து உள்ளங்கையில் தேய்த்தால் தோல் சருகு மாதிரிக் கழன்று வரும்.

மிச்ச வேலையெல்லாம் உயர்தர இரசாயனவியல் படிப்பிக்கும் நண்பரின் ஆய்வுகூடத்தில். முதலில் பெற்றோலியம் ஈதரால் எண்ணெயை நீக்கினோம். பிறகு 70% அசற்றோனில் ஊறவிட்டு வடித்து, அசற்றோனை இளஞ்சூட்டு நீர்த்தொட்டியில் ஆவியாக்கினோம். மீந்த நீரோடு எதைல் அசற்றேற்றைக் குலுக்கியதும் இரண்டு படை பிரிந்தது. சிறிய மூலக்கூறுகள் மேற்படைக்கு ஏறும், அவை கோர்த்த நீண்ட சங்கிலிகள் கீழே நீரிலேயே தங்கும். கீழ்ப்படையில் ஜெலற்றின் கரைசலை விட்டவுடனே வெள்ளைக் கலங்கல் திரண்டது. புரதமான ஜெலற்றினைத் திரளவைத்ததால் இது தனின் என்பதில் சந்தேகமில்லை.

அடுத்ததுதான் நான் காத்திருந்த கட்டம். பிரான்சின் போர்தோவில் ஜாக் மாஸ்கெலியே 1940களின் பிற்பகுதியில் இதே தோலிலிருந்துதான் அமிலத்தில் சூடாக்கினால் சிவக்கும் நிறமற்ற பொருளைப் பிரித்தெடுத்தார். பியூட்டனோல் 95 பங்கு, செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம் 5 பங்கு, இரும்பு உப்பு துளியளவு. அதில் நீர்ப்படைச் சாற்றை விட்டு 95 பாகையில் வைத்தோம். வெளிர் மஞ்சள் முதலில் ரோசாவாகி, பிறகு செம்பருத்திச் சிவப்பாக ஏறியது. பக்கத்துக் குழாயில் வைத்த கிரீன் டீக்கு அந்தச் சிவப்பு வரவில்லை. அதில் பெரும்பகுதி தனித்தனி மூலக்கூறு. அமிலத்தில் உடைந்து சிவப்பைத் தருவதற்குச் சங்கிலி வேண்டுமே!

சிவந்ததை வாட்மன் தாளில் புள்ளி வைத்து, அசற்றிக் அமிலம், ஐதரோகுளோரிக் அமிலம், நீர் 30:3:10 கலவையில் ஏற்றினோம். புள்ளி கரைப்பான் போன தூரத்தில் ஏறக்குறைய பாதியில் நின்றது. இந்தத் தூர விகிதத்துக்கு நூலில் உள்ள மதிப்பு, சயனிடின் என்ற நிறமிக்கு 0.49, டெல்பினிடின் 0.32, பெலர்கோனிடின் 0.68. ஆக, நீர்ப்படையில் இருப்பது, அமிலத்தில் உடைந்தால் சயனிடின் தரும் சங்கிலியான புரோசயனிடின்.

சங்கிலியின் அலகுகள் இரண்டு இடத்தில் இணையும் ஏ வகையா, ஒரே இடத்தில் இணையும் பீ வகையா என்பதைத் தாள் சொல்லாது. இரட்டை மூலக்கூறின் திணிவு ஏ வகையில் 576, பீ வகையில் 578. அந்த இரண்டு ஐதரசனைப் பிடிக்கத் திணிவு நிறமாலைமானி வேண்டும். அது கிடைக்கும்வரை மேற்படைச் சாற்றைத் தாளில் இரண்டு திசைகளில் ஏற்றி, வனிலினும் அமிலமும் கலந்து தெளித்து, கட்டெச்சினைத் தேடப் போகிறோம்.