அதிபரின் நேரசூசியில் ஜூடோ

பாடசாலையில் ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஜூடோவைத் தொடங்கப் போகிறோம் என்று அறிவித்ததும், பெற்றோர் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி "பிள்ளைகளுக்குச் சண்டையா சேர் பழக்கப் போறீங்க?" என்பதுதான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் சிலம்படியும் சீனடியும் அறிந்த ஊர்கள் உண்டு. கபடி ஆடாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் பாடசாலை மண்டபத்துக்குள் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைத் தூக்கிப் போடுவதைப் பெற்றோர் எளிதில் ஏற்பதில்லை. அவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அந்தத் தயக்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பயிற்றுநர் அல்லர், அதிபர். ஜூடோவை உருவாக்கியவரும் ஓர் அதிபர்தான் என்பதிலிருந்து அந்தப் பதிலைத் தொடங்கலாம்.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1860 இல் பிறந்தார். 1882 இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில், பன்னிரண்டு பாய்கள் விரித்த இடத்தில் தன் ஜூடோப் பள்ளியான கோடோகானைத் தொடங்கியபோது அவருக்கு 21 வயது. அதே ஆண்டில் ஆசிரியப் பணியிலும் சேர்ந்தார். 1891 இல் குமாமோத்தோவில் ஒரு பாடசாலையின் அதிபரானார். 1893 முதல் டோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் அதிபராக, இடையில் விலகியும் திரும்பியும், 1920 வரை பணியாற்றினார். அவர் வகுத்த ஜூடோக் கல்வியில் நான்கு பகுதிகள் இருந்தன: வரையறுத்த அசைவுகளான கத்தா, சுதந்திரமாகப் பிடிக்கும் ரன்டோரி, விரிவுரை, கேள்வி பதில். நம் பாடசாலைகளில் ரன்டோரியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் விட்டுவிடுகிறோம். பத்து நிமிடம் உட்காரவைத்து, "இப்ப அவன் ஏன் விழுந்தான்?" என்று கேட்கும் வழக்கம் இருந்தால், அது ஒரு வகுப்பாகிறது. அது இல்லையென்றால் வியர்வை சிந்தும் ஓர் இடம், அவ்வளவுதான்.

வேலை மெத்தையில் தொடங்குகிறது. ஜூடோ மெத்தை ஒன்று 1 மீற்றர் அகலமும் 2 மீற்றர் நீளமும் 4 சென்ரிமீற்றர் தடிப்பும் கொண்டது. போட்டிக்கான மிகச் சிறிய களம் 8 மீற்றருக்கு 8 மீற்றர். அதற்கு மட்டும் 32 மெத்தை வேண்டும், சுற்றிவரப் பாதுகாப்பு வலயத்துக்கு வேறாக. பாடசாலைப் பயிற்சிக்கு 18 மெத்தையில் தொடங்கலாம். அது 6 மீற்றருக்கு 6 மீற்றர் இடம். அதில் ஒரே நேரத்தில் நான்கு சோடிகள் மட்டும், எல்லோரும் ஒரே திசை பார்த்து வீச வேண்டும். மற்றவர்கள் வெளியே உட்கார்ந்து பார்க்கட்டும். ஐந்தாவது சோடியை உள்ளே விட்டால், விழுகிற பிள்ளையின் மேல் இன்னொரு பிள்ளை விழும். முழங்கால் காயங்களில் பல அப்படித்தான் வருகின்றன.

மெத்தை இல்லாத இடத்தில் கைக்கு வருவதை வைத்துச் சமாளிக்க நினைப்பது இயல்பு. வீட்டுப் படுக்கைக்கான ஸ்பொஞ் மெத்தைகளை வரிசையாக அடுக்குவதே வழக்கமாகச் செய்யப்படும் தவறு. ஸ்பொஞ்சில் கால் புதையும். புதைந்த காலின் மேல் உடம்பு திரும்பும்போது கணுக்காலும் முழங்காலும் முறுகும். ஒன்றோடொன்று பூட்டும் வண்ணப் பாய்கள் பெரும்பாலும் இரண்டரை சென்ரிமீற்றர்தான் இருக்கும். அவை தரைப்பிடிகளுக்குப் போதும், வீச்சுக்குப் போதாது. சட்டகத்துக்குள் உமியைக் கொட்டி மேலே கன்வஸை இழுத்துக் கட்டினால் சில மாதம் ஓடும். ஆனால் வீச்சு விழ விழ உமி ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவில் சீமெந்து தட்டுப்படும். தினமும் நிரவ வேண்டும், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும், தூசியால் இழுப்புக்காரப் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும். ஜப்பானின் பழைய ததாமிப் பாயும் வைக்கோல்தானே என்று சிலர் கேட்பார்கள். வைக்கோல்தான், ஆனால் அழுத்தித் தைத்து இறுக்கிய வைக்கோல். பன்பாய்க்குக் கீழே வைக்கோலைப் பரப்பினால் அந்த இறுக்கம் வராது.

எந்த மெத்தையானாலும் சோதிக்கும் முறை ஒன்றே. குதிக்காலால் ஓங்கி மிதித்தால் தரை தட்டுப்படக் கூடாது. ஒற்றைக் காலில் நின்று திரும்பினால் பாதம் புதையக் கூடாது. இரண்டிலும் தேறாத மெத்தையில் யாரையும் வீசக் கூடாது. மெத்தைகளுக்கிடையே இடைவெளி விழுந்தால் கால்விரல் அதற்குள் போய் முறியும். அதனால் சுற்றிவர மரச்சட்டம் அடித்து மெத்தைகளை நெருக்கி வைக்க வேண்டும். நம் வகுப்பறைக் கட்டடங்களின் அரைச்சுவரும் தூணும் வேறொரு ஆபத்து. தலை மோதும் உயரத்தில் அரைச்சுவரின் விளிம்பு இருக்கும். மெத்தை ஓரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒன்றரை மீற்றராவது விட முடியாத அறையில், பழைய ஸ்பொஞ்சைச் சுவரில் சாய்த்துக் கட்டுங்கள். படுக்கை மெத்தைக்கு ஜூடோவில் உள்ள சரியான இடம் அதுதான்.

இனி உகேமி, அதாவது விழும் முறை. தரம் 6, 7 பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு வகுப்பு என்றால், முதல் ஆறு வாரமும் விழுதல் மட்டும் என்று வைத்துக்கொள்வதே சரி. பின்னோக்கி விழுதலைப் படுத்த நிலையில் தொடங்கி, குந்தியிருந்து பழகி, கடைசியில் நின்ற நிலைக்குப் போக வேண்டும். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க, கண் இடுப்புப் பட்டியின் முடிச்சைப் பார்க்க வேண்டும். மடித்த கைக்குட்டையைத் தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையில் வைத்து விழச் சொன்னால், குட்டை நழுவிய பிள்ளையின் தலை பின்னால் போயிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். கைகள் உடம்பிலிருந்து 30 முதல் 45 பாகை வரை விலகி, உள்ளங்கை முதல் முழங்கை வரை ஒரே நேரத்தில் மெத்தையில் அடிக்க வேண்டும். கை தோள் மட்டத்துக்கு உயர்ந்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் தோள்மூட்டுக்குப் போகும். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ முறியும். மாமரத்திலிருந்தும் மதிலிலிருந்தும் குதித்து வளர்ந்த பிள்ளைக்குக் கையூன்றுவது பழகிப்போன அனிச்சைச் செயல். அதை மாற்றத்தான் ஆறு வாரம். பக்கவாட்டில் விழும்போது கால்கள் ஒன்றன் மேல் ஒன்று விழக் கூடாது, கணுக்கால் எலும்புகள் மோதும். விழும்போது மூச்சை வெளியே விட வேண்டும்.

ஆறு வாரம் வீச்சே இல்லை என்றால் பிள்ளைகளுக்குச் சலிக்கும், சிலர் நின்றுவிடுவார்கள். நிற்கட்டும் என்பதே என் கருத்து. காரணம் ஜப்பானிலேயே இருக்கிறது. அங்கே 1983 தொடக்கம் மூன்று தசாப்தங்களுக்குள் பாடசாலை ஜூடோவில் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர் இறந்திருக்கிறார்கள். இறந்தவர்களில் பலர் புதிதாகச் சேர்ந்தவர்கள், பெரும்பாலான இறப்புகள் தலைக்காயத்தால் வந்தவை. 2012 இல் கனிஷ்ட இடைநிலைப் பாடசாலைகளில் தற்காப்புக் கலை கட்டாயமானபோது அந்த நாட்டில் பெரிய விவாதமே நடந்தது. இந்தக் காயங்களோடு அடிக்கடி பேசப்படும் வீச்சு ஓசோதோ-காரி. எதிராளியின் வெளிக்காலைப் பின்னாலிருந்து வாரி, அவரை நேரே பின்புறமாகச் சாய்ப்பது. பார்க்க எளிது, பிள்ளைகள் தாங்களாகவே செய்யத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் விழுபவரின் பின்தலை நேராகத் தரையை நோக்கிப் போகிறது. தலை மெத்தையில் மோதாவிட்டாலும், பலமாகக் குலுங்கினாலே மூளையைச் சுற்றியுள்ள சிறு நாளங்கள் கிழியக்கூடும். இந்த வீச்சு கோடோகானின் அடிப்படை வரிசையின் முதல் தொகுதியில் இருக்கிறது என்பதற்காக முதல் ஆண்டிலேயே பழக்க வேண்டியதில்லை. தரைப்பிடியான கெசா-கதாமே, பிறகு ஒருவர் முழங்காலிட்ட நிலையில் இடுப்பு வீச்சான ஓ-கோஷி, பிறகு நின்றபடி முன்காலை வாரும் தெ-ஆஷி-பராய் என்று போனால் முதல் ஆண்டு நிறைந்துவிடும்.

விழுபவரைக் காப்பாற்றுவதில் பாதி வேலை வீசுபவருடையது. வீசுபவர் எதிராளியின் சட்டைக் கையைப் பிடித்திருக்கும் கைக்கு ஹிகிதே என்று பெயர். வீசி முடிந்ததும் அந்தக் கையை மேல்நோக்கி இழுத்தால், விழும் பிள்ளையின் தோளும் தலையும் உயர்ந்து, முதுகும் பக்கமும் முதலில் மெத்தையைத் தொடும். கையை விட்டுவிட்டால் தலை தனியே போகும். ஆகவே தரத்தைக் காட்டும் இடுப்புப் பட்டியை உயர்த்தும்போது, எத்தனை பேரை விழுத்தினான் என்பதைவிட விழுத்தியபின் கையை விடாமல் இருந்தானா என்பதைப் பார்க்க வேண்டும். கானோ 1922 இல் முன்வைத்த இரண்டு கொள்கைகளில் ஒன்று, தானும் பிறரும் சேர்ந்து நலம் பெறுவது. அது மெத்தையில் கண்ணுக்குத் தெரியும் இடம் இந்தக் கைதான்.

கபடி ஆடிய பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பலமும் சமநிலையும் நிறைந்தவர்கள், முதல் வாரத்திலேயே கண்ணில் படுவார்கள். ஆனால் பிடிபட்டதும் குனிந்து எதிராளியின் காலைப் பற்றுவார்கள். கபடியில் அது திறமை. ஜூடோவில் பட்டிக்குக் கீழே கையால் பிடித்துத் தாக்குவது 2010 இலிருந்து கட்டுப்படுத்தப்பட்டு 2013 இல் முழுதாகத் தடைசெய்யப்பட்டது. "பிடிக்காதே" என்று கத்துவதால் அது மாறாது. இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்தபடியே நிமிர்ந்து மெத்தையைச் சுற்றி நடக்கும் பயிற்சியை ஒவ்வொரு வகுப்பிலும் ஐந்து நிமிடம் கொடுத்தால் ஒரு தவணைக்குள் மாறிவிடும்.

பயிற்றுவிப்பவர் அதிபராகவே இருந்தால் இன்னொரு சிக்கல் வரும், இதைப் பலர் கவனிப்பதில்லை. நம் பிள்ளைகள் அதிபரிடம் "ஏலாது சேர்" என்று சொல்லமாட்டார்கள். தலை வலித்தாலும் "ஒண்டுமில்ல சேர்" என்பார்கள். அந்த மரியாதையே மெத்தையில் ஆபத்தாகிவிடும். ஆகவே தலை அடிபட்டதா என்பதைப் பிள்ளையிடம் மட்டும் கேட்டு முடிவு செய்யக் கூடாது. தலை அடிபட்டதைக் கண்ட எவரும் சொல்லலாம், சொன்னால் அந்தப் பிள்ளை அன்று மெத்தையை விட்டு வெளியே, பேச்சுக்கிடமில்லை. தலைவலி கூடினாலோ, வாந்தி வந்தாலோ, தூக்கக் கலக்கம் தெரிந்தாலோ பெற்றோர் வரும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். தேறிய பிறகும் வைத்தியர் அனுமதித்தால்தான் திரும்ப வரலாம். முதல் அடி ஆறுமுன் விழும் இரண்டாவது அடிதான் உயிருக்கு உலை வைப்பது.

நேரத்தைக் காற்றும் மழையும்தான் தீர்மானிக்கின்றன. கச்சான் வீசும் மாதங்களில் தகரக் கூரை மண்டபம் பிற்பகல் இரண்டு மணிக்குக் கொதிக்கும். கனத்த ஜூடோ உடையோடு அதற்குள் பிள்ளைகளை நிறுத்துவது தவறு. காலைக் கூட்டத்துக்கு முன் ஒரு மணித்தியாலம், அல்லது நான்கு மணிக்குப் பிறகு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர். மாரியில் பிரச்சினை வேறு. 2011 தையில் வந்தது போன்ற வெள்ளத்தில் பாடசாலைதான் மக்கள் தங்கும் இடம், மண்டபத்தை அவர்களுக்கு விட வேண்டும். மெத்தைகளை நிலத்தில் அடுக்காமல் மரத்தட்டின் மேல் ஓர் அடி உயரத்தில் வைத்து, தறப்பாளால் மூடினால் தப்பும். ஈரமும் வியர்வையும் சேர்ந்தால் தோலில் படை பரவும், ஒரு பிள்ளைக்கு வந்தால் இரண்டு வாரத்தில் பாதிப் பேருக்கு வந்துவிடும். வீட்டுப் பாவனைக் குளோரின் திரவத்தை லீற்றருக்கு 10 மில்லிலீற்றர் என்ற அளவில் கலந்து மெத்தையைத் துடைத்து, பத்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் மீண்டும் துடைக்க வேண்டும். நகம் வெட்டாத பிள்ளைக்கு அன்று பயிற்சி இல்லை. கோயில் நூல், தாயத்து இரண்டும் கழற்றப்பட வேண்டியவை. அதைப் பிள்ளையோடு மெத்தையில் வாதாடாமல், சேரும் நாளிலேயே பெற்றோரிடம் பக்குவமாகப் பேசிவிடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை மெத்தையருகே இல்லாமல் வகுப்பு நடக்கக் கூடாது. பிள்ளையைத் தொட்டுத் திருத்த வேண்டிய கலை இது. எங்கே, ஏன் தொடுகிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இயன்றவரை மூத்த மாணவி ஒருத்தியே செய்துகாட்டட்டும். அம்பாறைப் பக்க முஸ்லிம் பெற்றோர் தலை மறைப்பைப் பற்றிக் கேட்பார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சவூதி அரேபிய வீராங்கனை ஒருவர் பாதுகாப்பான தலை மறைப்புத் துணி அணிந்து ஜூடோவில் பங்கேற்றார். பயிற்சியில் ஊசியும் முடிச்சும் இல்லாத இறுக்கமான துணி போதும். போட்டிக்குப் போகும்போது ஏற்பாட்டாளரிடம் முன்னரே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வலய மட்டப் போட்டி நெருங்கும்போது பிள்ளைகள் எடை குறைக்கச் சாப்பாட்டை விடுவார்கள், தண்ணீரையும் விடுவார்கள். வளரும் வயதில் இதை அதிபர் தடுக்காவிட்டால் வேறு யாரும் தடுக்கமாட்டார்கள். பிள்ளை இருக்கும் எடையிலேயே போட்டியிடட்டும். பயிற்சிச் சோடிகளிலும் எடை வித்தியாசம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்க்க வேண்டும். பதக்கம் வந்தால் மகிழ்ச்சி, காலைக் கூட்டத்தில் கைதட்டுவோம். ஆனால் 1909 இல் ஆசியாவிலிருந்து சர்வதேச ஒலிம்பிக் குழுவுக்குத் தெரிவான முதல் உறுப்பினராக இருந்தும், தன் ஜூடோவை ஒலிம்பிக்கில் சேர்க்கக் கானோ அவசரப்படவில்லை. அது 1964 இல், அவர் இறந்து 26 ஆண்டுகளுக்குப் பிறகுதான் நடந்தது.

அதிபர்களுக்கு இடமாற்றம் வரும். அவரோடு ஜூடோவும் போய்விடுவது நம் மாகாணத்தில் புதிதல்ல. மெத்தைகள் களஞ்சியத்தில் கிழிந்து கிடக்கும், இரண்டு வருடத்தில் பிள்ளைகள் வெளியேறிவிடுவார்கள். கானோ 1889 இல் அரச பணியில் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டு 1891 வரை திரும்பவில்லை, திரும்பிய ஆண்டே குமாமோத்தோவுக்குப் போனார். கோடோகான் மூடப்படவில்லை, பழக்கிய சீடர்கள் நடத்தினார்கள். ஆகவே முதல் ஆண்டிலேயே இளம் ஆசிரியர் ஒருவரையும் ஆசிரியை ஒருவரையும் பிள்ளைகளோடு சேர்த்து மெத்தையில் விழப் பழக்க வேண்டும். மெத்தைகளும் உடைகளும் பாடசாலையின் பொருட்பதிவேட்டில் ஏற வேண்டும், எவருடைய சொந்தப் பொருளாகவும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் எந்த உகேமியில் தேறியது, எந்த வீச்சு இன்னும் பழக்கப்படவில்லை, யாருக்கு எப்போது தலை அடிபட்டது என்ற மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தால், புதிதாக வரும் அதிபருக்கு ஜூடோ தெரியாவிட்டாலும் அடுத்த திங்கட்கிழமை வகுப்பு நடக்கும்.